ஆறடித் தொட்டி

“ஏத்தா காளி, நம்ம பிள்ளை என்ன ஆறடியா வளரப்போகுது?” என்று அப்பா ஒருமுறை என்னிடம் கேட்டார்.

என்னிடம் பொதுவாக யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வராது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது ‘உள்ளேன் டீச்சர்’ சொல்ல வாய் வராமல், பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாதி நாள் வராதவளாக ஆகி, பத்தாவதோடு நின்றுகொண்டவள் நான். அப்படிப்பட்டவளிடம் வந்து அப்பா கேட்கிறார் என்றால், கேட்பதற்கு வேறு ஆள் மிச்சமில்லை என்று அர்த்தம். அம்மாவிடம் கேட்டாகிவிட்டது. அக்காவிடம் கேட்டாகிவிட்டது. எங்கள் சாக்குக் கடைக்கு வந்த ஏலக்காய் வியாபாரிகளிடமும் கேட்டாகிவிட்டது. அவர்கள் சாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிள்ளை என்றது நிலா அக்காவின் மகனை. அப்போது அவனுக்கு ஐந்து மாதம். மடியில் போட்டால் தலை ஒரு தொடையிலும் கால் இன்னொரு தொடையிலும் அடங்கிவிடும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது மலைமேல், போடிமெட்டைத் தாண்டி மலையாள எல்லைக்கு அந்தப் பக்கம். மகாராஜன் மாமா அங்கே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரை ஒட்டி அவர்களுடைய வீடு. அக்கா பிரசவத்துக்காகப் போடிக்கு வந்து, பிள்ளை பெற்று, உடம்பு தேறி, திரும்பிப் போகிற நாளும் குறித்தாயிற்று. பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் சின்ராசு அண்ணன் வந்து சேர்ந்தார்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு அவருடையது. காலையில் ஆட்களை மேலே ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். மேலே இருந்து கீழே வரவேண்டிய சேதி எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் வரும். வழியில் சேதி கொஞ்சம் வளரவும் செய்யும்.

“வேலு அண்ணே, மாப்ளே ஒரு சோலி சொல்லிவிட்டாரு. ஆறடித் தொட்டி ஒண்ணு வேணுமாம். போடியில சொல்லிச் செய்யணுமாம்.”

அப்பா சாக்கு மடித்துக்கொண்டிருந்தார். “என்ன தொட்டி?”

“ஆறடித் தொட்டி.”

“அது கேட்டுச்சுப்பா. என்ன தொட்டின்னு கேக்குறேன்.”

“பச்சப்பிள்ளை வர்ற வீட்டுல வேற என்ன தொட்டிண்ணே கேப்பாக?”

எங்கள் பக்கம் பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற தொட்டிலையும் தொட்டி என்றுதான் சொல்வோம். கடைசியில் இருக்கும் ‘ல்’லை யாரும் சிரமப்பட்டுச் சொல்வதில்லை. தண்ணீர்த் தொட்டி, மாட்டுத் தொட்டி, பிள்ளைத் தொட்டி எல்லாம் ஒரே தொட்டிதான். எந்தத் தொட்டி என்பதை எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெண்ணைப் பெற்றவர்கள் பேரனுக்குத் தொட்டில் செய்து அனுப்புவது வழக்கம்தான். அப்பாவும் செய்வதாகத்தான் இருந்தார். மூன்றடியில், சின்னதாக, அழகாக.

“வாயத் தொறந்து கேட்டுட்டாரா!” என்றார் அப்பா. “அதுலயும் அளவு சொல்லி!”

“அளவு பூராச் சொன்னாருண்ணே. நீளம் ஆறு, அகலம் ரெண்டு, உசரம் ரெண்டு. உசரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்லையாம், நீளந்தான் முக்கியமாம். அப்பறம் மூடி.”

“மூடியா?”

“மூடி கட்டாயம் வேணுமாம். இல்லாட்டித் துள்ளி வெளிய விழுந்துருமாம்.”

அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். “கொசுவலையச் சொல்றாரோ என்னமோ.”

“கொசுவலைன்னா கொசுவலைன்னு சொல்ல மாட்டாரா? மூடின்னுதான் சொன்னாரு” என்றார் சின்ராசு அண்ணன். சேதியைச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்த திருப்தியோடு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

உண்மையில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத்தான் அது பிறகு தெரிந்தது, படிக்கிறவர்களும் எங்களோடு சேர்ந்து அலைய வேண்டியதில்லை. மாமா கேட்டது மீன் தொட்டி. அக்கா பிரசவத்துக்குக் கீழே வந்த பிறகு, அவர் போடியில் ஸ்டான்லி என்பவருடைய வண்ணமீன் கடையில் விரல் நீளத்துக்கு ஒரு சுறா வாங்கியிருக்கிறார். நன்னீர்ச் சுறா. பேர்தான் சுறா, பல்கூடக் கிடையாது. வெள்ளி நிற உடம்பு, கறுப்புக் கரை போட்ட வால். ரெண்டடித் தொட்டி போதும், தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும் என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார். மீனிடம் அதை யாரும் சொல்லவில்லை போல. அது ஒரு சாணைத் தாண்டி வளர்ந்துகொண்டே போயிருக்கிறது.

‘ஸ்டான்லி கடையில சொல்லு’ என்று அவர் சொன்ன பாதி, சின்ராசு அண்ணன் கியர் மாற்றிய சத்தத்தில் போய்விட்டது. மீதிப் பாதிதான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

மீன் சமாச்சாரம் அக்காவுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதில் மாமா கவனமாக இருந்தார். அவருக்கு உயிருள்ளது எதைப் பார்த்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கல்யாணமான புதிதில் முயல் கொண்டுவந்தார். அது அக்காவின் கல்யாணப் பட்டுச்சேலையின் முந்தானையைத் தின்றது. பிறகு புறா. புறா செய்ததை எழுத வேண்டாம். பிறகு ஒரு மைனா, அது பக்கத்து வீட்டுச் சேச்சி திட்டுகிற மாதிரியே திட்டக் கற்றுக்கொண்டது. கடைசியில், தான் பிள்ளையோடு வருகிறவரை உயிருள்ளது எதுவும் வாசல்படி ஏறக் கூடாது என்று அக்கா அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஜீப்பு ஏறியிருந்தாள்.

சின்ராசு அண்ணன் போனதும் அக்கா போனை எடுத்தாள். மாமாவுக்கு வீட்டில் சிக்னல் கிடைக்காது. மேட்டில் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறி நின்றால் கிடைக்கும். காற்றடித்தால் அதுவும் விட்டுவிட்டுத்தான். அப்பா கையைக் காட்டி, ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நாங்கள் நாலு பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். பிள்ளை அம்மா மடியில் இருந்தான்.

“தொட்டி கேட்டீகளாமே?” என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் காற்றுச் சத்தத்துக்கு நடுவே மாமாவின் குரல் வந்தது. “சின்ராசு சொல்லிட்டானா?”

“ஏன், எனக்குத் தெரியக் கூடாதா?”

“அப்படி இல்ல நிலா. நீ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் செஞ்சு வச்சிருவோம்னு பாத்தேன். கண்ணால பாத்துட்டா உனக்கே கோவம் போயிரும்னு...”

“ஆறடி எதுக்கு?”

“அதுக்குக் கொறைஞ்சா ஆகாது. நானும் ரெண்டடி போதும்னுதான் நெனச்சேன். எல்லாம் பொய்யி. சின்னத் தொட்டியில போட்டா முதுகு வளைஞ்சு போகுமாம்.”

அம்மா பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தடவிப் பார்த்தாள்.

“யாரு சொன்னா?” என்றாள் அக்கா.

“நெட்டுல பாத்தேன்.”

“ஊரு உலகத்துல எல்லாரும் ஆறடியிலயா போடுறாக?”

“போட மாட்டாக. அதான் பாதி தங்க மாட்டேங்குது.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மீசையைத் தடவ ஆரம்பித்தார். அது நல்ல அடையாளம் இல்லை.

“இன்னொண்ணு நிலா,” என்றார் மாமா. சிக்னல் அந்த நேரம் பார்த்து அருமையாக இருந்தது. “இது ஒத்தையா இருக்கிற சாதி இல்ல. ஒண்ணே ஒண்ணா இருந்தா பயந்துக்கிட்டே கெடக்கும். கொறஞ்சது நாலு இருக்கணும். ஆறடின்னா நாலு பேரும் தாராளமாக் கெடக்கலாம். நீ மட்டும் சரின்னு சொன்னீன்னா இன்னும் மூணுக்கு ஏற்பாடு பண்ணிரலாம்.”

“மூணா!”

“மூணும் ஒரே சமயத்துல வந்துட்டா நல்லது. சின்னது பெருசுன்னு இருந்தா அடிச்சுக்கிரும்.”

அக்காவுக்குக் காது சிவந்துவிட்டது. அப்பா முன்னால் இந்தப் பேச்சு. “உங்களுக்கு வெக்கமா இல்லையா?” என்றாள்.

“வெக்கந்தான். என்ன செய்ய, வளந்துக்கிட்டே போகுதே. உங்க அப்பாகிட்ட மட்டும் நான் கேட்டேன்னு சொல்லிராத, என்ன?”

“நல்லாக் கேட்டுச்சு மாப்ளே!” என்று அப்பா போனுக்குள் கத்தினார். ஆனால் அதற்குள் மாமா நின்ற பாறைக்குச் சிக்னல் போய்விட்டது.

அப்பா எழுந்து நின்றார். அவர் உட்கார்ந்து பேசினாலே மூன்று வீடு தள்ளிக் கேட்கும். “செய்வேன். ஆறடி என்ன, ஆறடிக்கு மேல அரையடி சேத்துச் செய்வேன். மூடி போட்டே செய்வேன். கொண்டுபோய் அவரு நடு வீட்டுல எறக்கி வச்சிட்டு, எம்மகளையும் பேரனையும் அதே ஜீப்புல திருப்பிக் கூட்டியாந்துருவேன். அளவு சொல்லிச் சீர் கேக்குற வீட்டுல எம்புள்ள ஒரு வாய்க் கஞ்சி குடிக்காது. பேரப் பாரு, மகாராஜன்!”

அன்று ராத்திரி அக்கா கட்டி வைத்த பையைப் பிரித்தாள். துணியை எல்லாம் கட்டிலில் கொட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்ப ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அவரு சீர் கேக்குற ஆளில்ல காளி” என்றாள். “கிறுக்குத்தனம் பண்ணுவாரு. ஆனா கேக்க மாட்டாரு. கல்யாணத்துல அப்பா மோதிரம் போட்டப்பவே கூச்சப்பட்டு விரல மடக்கிக்கிட்டாரு. நேருல போயி மூஞ்சியப் பாத்துக் கேட்டுட்டு வந்துர்றேன். பொய்யின்னா அங்க இருப்பேன். நெசம்னா அப்பாகூட வந்துருவேன்.”

நான் தலையாட்டினேன். அவள் இல்லாமல் வீடு நன்றாகத்தான் இருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஆனாலும் அந்தப் பை மாமா வீட்டிலேயே பிரிய வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். ஐந்து மாதமாக, ஜீப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வாசலைப் பார்ப்பதை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தச்சர் ஜக்கையன் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். அப்பா சொன்ன அளவைக் கேட்டு, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “வேலு அண்ணே, ஆறடியில கட்டில் செஞ்சிருக்கேன், பீரோ செஞ்சிருக்கேன். தொட்டில் செஞ்சதில்லையே.”

“கட்டிலச் செஞ்சு சங்கிலி போட்டுத் தூக்கி மாட்டு.”

“மூடி எதுக்குண்ணே?”

“எல்லாம் படிச்சவுக வெவகாரம். செய்யப்பா.”

நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஜக்கையன் அப்பாவையே உள்ளே படுக்கச் சொன்னார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். காலுக்குக் கீழே இன்னும் இடம் இருந்தது. “போதும்” என்றார். தெருப்பிள்ளைகள் வந்து ஆட்டிவிட்டுப் போனார்கள்.

தொட்டில் அழகாகத்தான் வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாலு பக்கமும் கடைசல் கம்பிகள். ரெண்டு தலைமாட்டிலும் கிளி. மேலே சட்டம் போட்ட மூடி, அதற்குப் பித்தளைக் கீல். ஆனால் அதை ஜீப்பின் தலையில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, தூசி படாமல் இருக்க வெள்ளைத் துணியைச் சுற்றிய பிறகுதான் அது வேறு மாதிரி இருப்பது தெரிந்தது. ஆனால் அப்பாவிடம் யார் சொல்வது?

மலையடிவாரத்தில் இருக்கும் முந்தலைத் தாண்டுவதற்குள் ரெண்டு பேர் பைக்கை ஓரங்கட்டிவிட்டார்கள். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “யாருப்பா?” என்று கேட்டார்.

“எங்க பிள்ளையோடது!” என்றார் அப்பா ஜன்னல் வழியாக.

கிழவர் அழுதேவிட்டார்.

அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். வெள்ளைத் துணியை உருவி எறிந்தாள். தன் சிவப்புச் சேலை ஒன்றைப் பையிலிருந்து எடுத்துச் சுற்றி, முன்னால் பிள்ளையின் கிலுகிலுப்பையைக் கட்டித் தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது கிலுகிலு என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது. மேலே ஏற ஏறக் குளிர் வந்தது. அக்கா பிள்ளையை முந்தானைக்குள் போட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வழி முழுக்க மாப்பிள்ளையிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சத்தமாக ஒத்திகை பார்த்தார். சின்ராசு அண்ணன் இடையிடையே, “அந்த எடத்துல இன்னும் கொஞ்சம் சூடாக் கேக்கலாம்ணே” என்றார்.

செக்போஸ்ட்டில் இருந்தவர் மலையாளி. ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார். “எந்தா இது? கட்டிலோ?”

“தொட்டில்” என்றார் அப்பா, இந்தமுறை ‘ல்’லோடு.

“ஆர்க்கா?”

அப்பா பிள்ளையைக் காட்டினார். அவர் பிள்ளையைப் பார்த்தார், மேலே பார்த்தார், திரும்பப் பிள்ளையைப் பார்த்தார். “வலுதாவும்” என்று சொல்லிவிட்டுக் கம்பைத் தூக்கிவிட்டார். வளர்ந்துவிடுவான் என்று அர்த்தமாம்.

ஜீப்புச் சத்தம் கேட்டதும் மகாராஜன் மாமா ஸ்டோரிலிருந்து ஓடிவந்தார். முதலில் பிள்ளையை வாங்கி முகத்தோடு முகம் வைத்துக்கொண்டார். அப்புறம் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, அவர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவர் கண் ஜீப்பின் தலைக்குப் போனது.

“வந்துருச்சா!” என்றார், முகமெல்லாம் மலர்ந்து.

“பாத்தியா பொற்கொடி?” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். “தொட்டியப் பாத்ததும் மூஞ்சியப் பாரு.”

சின்ராசு அண்ணனும் ரெண்டு தோட்டத்து ஆட்களும் அதை இறக்கி வாசலில் வைத்தார்கள். வாசல்படிக்குள் நுழையவில்லை. அம்மா சேலையை அவிழ்த்தாள். மாமா அதைச் சுற்றி ஒருதரம் நடந்தார். கிளியைப் பார்த்தார். மூடியைத் திறந்து மூடினார். கடைசியில் கம்பிகளுக்கு நடுவே ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

“மாமா... இதுல தண்ணி எப்படி நிக்கும்?”

“தண்ணியா?”

“கம்பிக்குக் கம்பி இம்புட்டுச் சந்து இருக்கே. எல்லாம் ஒழுகிருமே.”

“ஒழுகத்தான் செய்யும். பிள்ளைன்னா ஒழுகத்தான் செய்யும். கீழ துணி விரிச்சுக்கங்க.”

“பிள்ளையா?”

“பின்ன, இதுல யாரப் போடப்போறீக?”

மாமாவையும் அறியாமல் அவர் தலை வீட்டுப் பக்கம் திரும்பியது. நான் அதற்குள் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தேன். சாமி படத்துக்குக் கீழே, ஸ்டோரை ஒட்டிய சுவரோடு அந்தக் கண்ணாடித் தொட்டி இருந்தது. அடுத்த பக்கம் ஏலக்காய் உலர்த்துகிற அறை என்பதால் அந்தச் சுவர் மட்டும் கதகதப்பாக இருக்கும். மீனுக்குக் குளிர் ஆகாது என்று இடம் பார்த்து வைத்திருக்கிறார். உள்ளே ஒரே ஒரு மீன். அது இந்த மூலையிலிருந்து கிளம்புவதற்குள் அந்த மூலை வந்துவிடுகிறது. திரும்புவதற்கு உடம்பை வளைக்க வேண்டியிருந்தது. மூக்கில் தோல் உரிந்திருந்தது.

எனக்குப் பின்னாலேயே எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

“இது என்ன?” என்றாள் அக்கா.

மாமா பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினார். “சுறா.”

“சுறாவா?” என்றார் அப்பா. “என்ன சுறா?”

“பாலா ஷார்க்.”

அம்மா ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டாள். “பால்சுறாவா!”

அம்மா இந்த விஷயத்தில் பட்ட பாடு எனக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை வேகவைத்து உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டாகக் கொடுத்தால் பால் நன்றாக ஊறும் என்பார்கள். போடியில் கடல் இல்லை. அக்கா பிள்ளை பெற்ற புதிதில் அம்மா மார்க்கெட்டுக்கு அலையாய் அலைந்தாள். ஐஸ் பெட்டியில் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. கடைசியில் கருவாடுதான் கிடைத்தது.

“நான் தெருத்தெருவா அலைஞ்சும் கிடைக்கல. இவரு உசுரோட வளத்து வச்சிருக்காரு!” என்றாள் அம்மா. “அதுவும் பொண்டாட்டிக்காக! ஏங்க, இந்த மனுசனையா நீங்க வழியெல்லாம் பேசிக்கிட்டு வந்தீக?”

அப்பாவின் மீசையிலிருந்து கை இறங்கியது. “அதுக்கா மாப்ளே ஆறடித் தொட்டி?”

“அதுக்குத்தான் மாமா.”

“நாலு வேணும்னது?”

“அதுவும் இதுதான்.”

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வாசலில் கிடந்த தொட்டிலைப் பார்த்தார். அக்கா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல இளகியது. “எனக்காகவா?” என்று கேட்டாள்.

மாமா எல்லார் முகத்தையும் ஒருதரம் பார்த்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

“பூண்டு எங்க இருக்கு மாப்ளே?” என்றாள் அம்மா.

மாமாவின் முகத்தில் அப்போது வந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அரிவாள்மனையை எடுத்தாள். “காளி, அந்த வடிதட்டைக் கொண்டா” என்றாள். நான் அசையவில்லை என்றதும் அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். மாமா பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி, “அத்தை, டீ குடிச்சிட்டு...” என்றார். “மொதல்ல சோலியப் பாப்போம்” என்றாள் அம்மா. “இன்னும் கொஞ்சம் வளரட்டும் அத்தை...” என்றார். “இதுவே பதமா இருக்கு. முத்தினா சவச்சவன்னு ஆயிரும்.” அவள் தொட்டியின் மேல் கிடந்த அட்டையைத் தூக்கிவிட்டு வடிதட்டைத் தண்ணீருக்குள் விட்டாள். மீன் எகிறியது. தண்ணீர் அம்மாவின் முகத்தில் அடித்தது.

“வேணாம் அத்தை!” என்று மாமா அலறினார். பிள்ளையும் அலறியது. “அது கறிக்கு இல்ல! அது சும்மா... சும்மா பாக்குறதுக்கு!”

அம்மாவின் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

“பாக்குறதுக்கா?” என்றாள் அக்கா. “சத்தியம் பண்ணிக் குடுத்தீகள்ல?”

“பண்ணினேன்.” மாமா தரையைப் பார்த்தார். “நீ போனதுக்கப்பறம் வீட்டுல சத்தமே இல்ல நிலா. சும்மா பாத்துட்டு வந்துருவோம்னுதான் அந்தக் கடைக்குள்ள போனேன். விரல் மாதிரி இருந்துச்சு. வளராதுன்னு சொன்னாக.”

அப்பாவுக்குச் சத்தம் திரும்பிவிட்டது. மாப்பிள்ளை சீர் கேட்கவில்லை என்று தெரிந்ததில் அவருக்கு நிம்மதி வரவில்லை. ஊரெல்லாம் சொல்லி, தொட்டில் செய்து, ஒரு கிழவரை அழவைத்து வந்து சேர்ந்திருக்கிறார். கோபத்துக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. “ஆக, பொண்டாட்டிகிட்ட சத்தியத்த மீறினது ஒண்ணு. பால்சுறான்னு எங்ககிட்ட தலையாட்டினது ரெண்டு. பொய் சொல்ற வீட்டுல எம்புள்ள இருக்காது. கெளம்பு நிலா!”

அக்கா மாமாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் எந்தப் பக்கம் கால் எடுத்து வைப்பாள் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

“கெளம்புன்னு சொல்றேன்ல!” என்று அப்பா போட்ட சத்தத்தில் மீன் மிரண்டு கண்ணாடியில் மடார் என்று முட்டியது.

“வேலு! சும்மா இரு!” என்றார் மாமா.

அப்பாவின் பேர் வேலுச்சாமி. மகள்வீட்டில் மாப்பிள்ளை அவரைப் பேர் சொல்லி அதட்டியிருக்கிறார்.

“யாரச் சொன்னீக?” என்றார் அப்பா மெதுவாக.

மாமா தொட்டியைக் காட்டினார். “மீன, மாமா.”

“மீனுக்கு எங்கப்பா பேரா?” என்றாள் அக்கா.

“பழக்கமாயிருச்சு நிலா. ஆளில்லாத வீடு. வீட்டு ஆளுக பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஒரு தெம்பு. எந்தப் பேரும் இதுக்குச் சேரல. அப்பறம் பாத்தா, எதுக்கெடுத்தாலும் எகிறுது. நேராப் போயி முட்டுது. மூக்கு ஒடஞ்சாலும் விடமாட்டேங்குது. ஆனா கெட்ட குணம் கிடையாது மாமா. கையில வச்சா சாப்பிடும்.”

முதலில் அம்மாதான் சிரித்தாள். வடிதட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நின்ற தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் அடங்கியதும் எழுந்து தொட்டிப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். மீனின் மூக்குக்கு நேராகக் கண்ணாடியில் விரலை வைத்தாள்.

“பாவம், திரும்பக்கூட எடமில்ல” என்றாள். “ஆறடி பத்துமாங்க? நாலு வரணுமே.” பிறகு என்னைப் பார்த்து, “காளி, அந்தப் பையைக் கொண்டுபோய் உள் ரூம்புல வையி” என்றாள்.

நான் வைத்துவிட்டு வந்தபோது அப்பா இன்னும் அதே இடத்தில் நின்றார். மீன் கண்ணாடிக்கு அருகில் வந்து அசையாமல் நின்று அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

வாசலில் சின்ராசு அண்ணன் தொட்டிலுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தார். அப்பா வருவதைக் கண்டு பதறி எழுந்து, “என்னண்ணே, சூடாக் கேட்டீகளா? பிள்ளையும் நிலாவும் ஏறலையா?” என்றார். அப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ரோட்டையே பார்த்தார். சின்ராசு அண்ணன், வாசலுக்கு வந்து நின்ற எங்களைப் பார்த்தார். அவர் வண்டியை எடுத்தார்.

அம்மாவையும் என்னையும்கூட ஏற்றிக்கொள்ளாமல் அப்பா மலையிறங்கிப் போனார்.